ஒயரை வெட்டிய பிறகும் கசியாத கேட் வால்வு: 5 1/8 அங்குலம், 10,000 பிஎஸ்ஐ

நெய்தல்_நிலம் (கேள்வி)

வணக்கம். கடலடி ட்ரீயின் (கிணற்று வாயிலுள்ள வால்வுத் தொகுப்பு) மேல் உட்காரும் ஒர்க்ஓவர் (கிணற்றுப் பராமரிப்பு) தொகுதிக்கு ஒரு கேட் வால்வு வரைந்துகொண்டிருக்கிறோம். கிணற்று அழுத்தத்தை அடைப்பதும், உள்ளே ஒயர்லைன் (கருவிகளைக் கிணற்றுக்குள் இறக்கும் கம்பி) இருந்தால் அதை வெட்டிவிட்டு அடைப்பதும் அதே ஒரு கேட்டின் வேலை.

போர் (உள்துளை) 130 மி.மீ., அழுத்த மதிப்பு 69 மெகாபாஸ்கல், நீராழம் 1,500 மீட்டர். ஸ்லாப் கேட் (துளையுள்ள தட்டைப் பலகை), இரு பக்கமும் மிதக்கும் சீட் (கேட் அழுந்தி அடைக்கும் வளையம்). சீட்டின் அடைப்பு விட்டம் 150 மி.மீ., ஸ்டெம் (கேட்டை நகர்த்தும் தண்டு) 57 மி.மீ., ஸ்ட்ரோக் 142 மி.மீ. ஸ்டெம் வெளியே வந்தால் வால்வு மூடும். மூட ஸ்பிரிங், திறக்க 160 மி.மீ. பிஸ்டனில் 3,000 பிஎஸ்ஐ ஹைட்ராலிக். முழுதும் மூடிய நிலையில் ஸ்பிரிங் விசை 45 கிலோநியூட்டன். கேட் இன்கோனெல் 718 (நிக்கல் கலப்புலோகம்), முகம் முழுக்க, துளை விளிம்பு வரைக்கும், டங்ஸ்டன் கார்பைடு எச்விஓஎஃப் (அதிவேகச் சுடர்த் தெளிப்பு) கோட்டிங்.

3.18 மி.மீ. ஸ்லிக்லைனில் (ஒற்றைக் கம்பி) சிக்கல் இல்லை. 5.6 மி.மீ. (7/32 அங்குலம்) பின்னல் ஒயரில்தான் இரண்டு கோளாறு.

முதலாவது, போரில் அழுத்தமே இல்லாதபோது கேட் சுமார் 127 மி.மீ. வந்து நின்றுவிடுகிறது. சில இழைகள் அறுபடாமல் இருக்கின்றன. இரண்டாவது, முழு அழுத்தத்தில் ஒயர் சுத்தமாக அறுகிறது, 69 மெகாபாஸ்கலில் கசிவும் இல்லை, ஆனால் 3.5 மெகாபாஸ்கல் குறையழுத்தச் சோதனையில் கசிகிறது.

ஸ்பிரிங்கைக் கனமாக்கினால் இரண்டும் தீருமா? விளிம்பை எப்படி அமைப்பது நல்லது?

ஆக்சுவேட்டர்_அருள்

ஸ்பிரிங்கைத் தொடும் முன் விசைக் கணக்கைப் போட்டுவிடுங்கள். 127-ல் நிற்பதற்கான காரணம் அதிலேயே தெரியும்.

ஒரே அளவுள்ள இரண்டு வட்டத் துளைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்போது நடுவில் மிஞ்சும் திறப்பு கண் வடிவில் ஒடுங்கும். அதன் அகலமான இடம் நடுவில். ஒயரை இரண்டு வளைவுகளும் அந்த நடுவுக்கே தள்ளிவிடும். இது வட்டத் துளைக்கு உள்ள பெரிய சாதகம். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் குழாய் வளைந்து ஓரமாகப் போய், அதை வெட்ட வேண்டிய ராமின் (எதிரெதிரே வந்து மூடும் அடைப்பான்) வெட்டு அலகுக்கு வெளியே சிக்கியது. அப்படி நழுவ இங்கே வழியில்லை.

பாதகம், வெட்டு நடப்பது ஸ்ட்ரோக்கின் கடைசியில். 130 போரில் 5.6 ஒயர் என்றால் வெட்டு 124.4 மி.மீ.யில் தொடங்கி 130-ல் முடியும். ஸ்பிரிங் விரிந்து விசை குறைந்துபோயிருக்கும் நேரம் அது. பட்டியலில் இருக்கும் ஸ்பிரிங்கின் அமுக்கிய நிலை விசையைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது. உங்கள் 45 கிலோநியூட்டன்தான் இங்கே பேசும் எண்.

அழுத்தமில்லாத நிலை: 45-லிருந்து பேக்கிங் (ஸ்டெம்மைச் சுற்றியுள்ள அடைப்பு) உராய்வுக்கு 5 கழியுங்கள். வெளியேறும் ஹைட்ராலிக் திரவத்தின் பின்னழுத்தம் 0.5 மெகாபாஸ்கல் என்று வைத்தாலே 160 மி.மீ. பிஸ்டனில் (20,106 சதுர மி.மீ.) 10 கிலோநியூட்டன் எதிராக நிற்கும். மிச்சம் 30.

தேவை: ஸ்லிக்லைன் 3.18 மி.மீ., பரப்பு 7.94 சதுர மி.மீ., இழுவலிமை 1,650 மெகாபாஸ்கல், வெட்டு வலிமை அதில் 0.6 பங்கு. ஒரு தளத்துக்கு 7.9 கிலோநியூட்டன். துளையுள்ள ஸ்லாப் கேட் மேல் சீட்டிலும் கீழ் சீட்டிலும் ஒரே நேரத்தில் வெட்டும், அதனால் இரட்டித்து 15.7. இது 30-க்குள் அடங்கிவிட்டது. பின்னல் ஒயரின் உடையும் விசை சுமார் 24 கிலோநியூட்டன். பாதுகாப்புக்காக அதையே வெட்டு விசையாக எடுத்தால் இரண்டு தளத்துக்கு 48. கையில் இருப்பது 30. இழைகள் ஒவ்வொன்றாக அறுவதால் பாதி தூரம் போய் நின்றிருக்கிறது.

முழு அழுத்தத்தில்: ஸ்டெம் பரப்பு 2,552 சதுர மி.மீ. × 69 = 176 கிலோநியூட்டன் மூடும் பக்கம் உதவுகிறது. கேட் மேல் சீட்டில் அழுந்தும் சுமை 1,219 கிலோநியூட்டன். உராய்வுக் கெழு 0.08 என்றால் இழுப்பு 97. பேக்கிங் 15. ஸ்பிரிங்கில் பின்னழுத்தம் போக 35. நிகரம் 99. அதனால்தான் ஒயர் சுத்தமாக அறுகிறது.

இந்த 99-ஐ நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முகத்தில் மணல் கீறி உராய்வுக் கெழு 0.15-க்குப் போனால் இழுப்பு 183 ஆகிறது, நிகரம் 13-க்கு இறங்கிவிடும். அப்போது ஸ்லிக்லைன்கூட அறாது. எனவே ‘மோசமான நிலை எது’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. புது வால்வில் அது பூஜ்ய அழுத்தம், தேய்ந்த வால்வில் முழு அழுத்தம். இரண்டு கெழுவிலும், இடையிலுள்ள அழுத்தங்களிலும் கணக்குப் போட்டு வரைபடமாக்கி வையுங்கள்.

நீங்கள் குறிப்பிடாத மூன்றாவது நிலைதான் எனக்குக் கவலை தருகிறது. 1,500 மீட்டரில் கடல்நீர் அழுத்தம் 15.1 மெகாபாஸ்கல். ஸ்பிரிங் அறை கடலோடு சமன்செய்யப்பட்டிருந்தால், அந்த அழுத்தம் ஸ்டெம்மை உள்ளே தள்ளும், அதாவது திறக்கும் பக்கம். அளவு 38.5 கிலோநியூட்டன். போரில் குறையழுத்த வாயு மட்டும் இருக்கும் நேரத்தில் மூடச் சொன்னால், அந்த 30 போதவே போதாது. ஒயர் இல்லாவிட்டாலும் வால்வு மூடாது. கரையிலுள்ள சோதனை மேடையில் இது ஒருபோதும் தெரியவராது.

சீட்முகம்

அருள் சொன்ன கணக்கு முதல் கோளாறுக்குப் போதும். இரண்டாவது கோளாறு விசையால் வருவதில்லை, ஸ்பிரிங்கைக் கனமாக்கினாலும் போகாது.

உயரழுத்தத்தில் அடைத்து, குறையழுத்தத்தில் கசிந்தால் முகத்தில் கீறல் இருக்கிறது என்று பொருள். 1,219 கிலோநியூட்டன் அழுத்தும்போது கேட்டும் சீட்டும் நெருங்கிக் கீறலை மூடிவிடும். 3.5 மெகாபாஸ்கலில் அந்தச் சுமை 62 மட்டுமே. கீறல் திறந்தே கிடக்கும்.

கீறல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஸ்டெம் கேட்டை பானட் (ஸ்டெம் வெளியேறும் பக்கத்து மூடி) பக்கம் இழுக்கிறது. கேட் துளையில் பானட்டுக்கு எதிர்ப்புற விளிம்பு ஒயரைத் தள்ளிக்கொண்டு வந்து, சீட்டின் பானட் பக்க விளிம்பில் வைத்து வெட்டுகிறது. மூடிய பின் கேட்டின் அந்த விளிம்பு சீட் விளிம்பைத் தாண்டிப் போய் நிற்பது 142 − 130 = 12 மி.மீ. அந்த 12 மி.மீ. பட்டையில்தான் உங்கள் அடைப்பு முழுவதும் இருக்கிறது. அறாமல் மடிந்த இழை கேட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே இழுபட்டால், கீறல் போரிலிருந்து வெளிப்பக்கமாக, அந்தப் பட்டைக்குக் குறுக்கே நேராக ஓடும். வேறு எந்தத் திசையில் கீறினாலும் பாதிப்பு குறைவு. வெட்டு இருக்கும் இடத்தில் மட்டும் ஸ்டெம் திசையும் கசிவுத் திசையும் ஒன்றாகிவிடுகின்றன.

இழை ஏன் மடிகிறது? இடைவெளியால். உலோகத்தை வெட்டும்போது அலகுகளுக்கிடையே பொருளின் கனத்தில் 5 முதல் 10 சதவீதம் இடைவெளி இருந்தால் வெட்டு சுத்தமாக விழும். ஸ்லிக்லைன் 3.18 மி.மீ. கனம், அதற்கு 0.15 மி.மீ. இடைவெளி பொருட்டே இல்லை. பின்னல் ஒயரின் இழை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. அதே 0.15 இப்போது 15 சதவீதத்துக்கு மேல். இழை அறுவதற்குப் பதில் மடிந்து உள்ளே நுழையும். ஒயர் தொய்வாக இருந்தால் இன்னும் மோசம்.

இனி முக்கியமான முடிவு: எந்த சீட்டில் வெட்டுவது? அழுத்தம் கீழிருந்து வருகிறது. கேட் மேல் சீட்டில் ஒட்டிக்கொள்கிறது, கீழ் சீட்டில் இடைவெளி திறக்கிறது. மேலே வெட்டினால் வெட்டு சுத்தம், ஆனால் அடைக்கிற முகமே அடிபடும். கீழே வெட்டினால் அடைக்கிற முகம் தப்பிக்கும், ஆனால் இடைவெளி பெரிது. நான் கீழ் சீட்டில் வெட்டுவதையே தேர்வேன், அந்த இடைவெளியை மூட வழி இருப்பதால். சீட்டுக்குப் பின்னால் அலை ஸ்பிரிங் கொடுத்து, சீட்-பாடி சீலையும் அழுத்தத்தால் முன்தள்ளும் வகையில் அமைத்தால் கீழ் சீட் எப்போதும் கேட்டைத் தொட்டுக்கொண்டே வரும். பூஜ்ய அழுத்தத்திலும் இடைவெளி திறக்காது.

கேட் துளையின் மேல்முகத்தில், வெட்டு விளிம்பிருக்கும் பக்கம், 8 மி.மீ. பின்வாங்கிய ஒரு குடைவு கொடுங்கள். கீழ்முக விளிம்பு 124.4-ல் வெட்டத் தொடங்கி 130-ல் முடிக்கும். மேல்முக விளிம்பு 132.4-க்குப் பிறகே ஒயரைத் தொடும். இரண்டு வெட்டும் ஒரே நேரத்தில் நடக்காததால் உச்ச விசை 48-லிருந்து 24-க்கு இறங்குகிறது. ஒயரில் இழுவிசை இருந்தால் கீழே அறுந்த உடனே மேல் துண்டு எகிறிப் போய்விடும், இரண்டாவது வெட்டே தேவைப்படாது.

இதற்கு விலை ஸ்ட்ரோக். மேல்முகத்தில் அடைப்பு 138-ல்தான் தொடங்குகிறது. 142-ல் நிறுத்தினால் 4 மி.மீ. பட்டைதான் மிஞ்சும். அது போதாது. 158 ஆக்குங்கள், 20 மி.மீ. கிடைக்கும். சீட்டின் வெளிவிட்டமும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். இல்லாவிட்டால் கேட் விளிம்பு சீட் முகத்தைத் தாண்டிப் போய் நீட்டிய ஸ்ட்ரோக்குக்குப் பயனில்லாமல் போகும். கேட் நீளம், கேவிட்டி (பாடிக்குள் கேட் நகரும் வெற்றிடம்), ஸ்பிரிங் மூன்றும் வளரும், பாடி எடை கூடும். அந்த எடையை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

குடைவின் அடிப்பக்கத்தை 45 பாகையில் சரித்துவிடுங்கள். செங்குத்துப் படி விட்டால் கீழே இறங்கும் டூலின் முனை அதில் தட்டி நிற்கும். ட்ரிஃப்ட் மாண்ட்ரல் (துளை தடையின்றி இருக்கிறதா என்று பார்க்கும் உருளை) சோதனையிலும் சிக்கும்.

நெய்தல்_நிலம்

மிக்க நன்றி. 38.5 கிலோநியூட்டன் விஷயம் எங்கள் கணக்கில் இல்லவே இல்லை. ஸ்டெம்மை 64 மி.மீ. ஆக்கினால் கிணற்று அழுத்தத்தின் உதவி கூடுமே, அது சரிவருமா? கோட்டிங்கை விளிம்பு வரை கொண்டுபோகலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

ஆக்சுவேட்டர்_அருள்

64 வேண்டாம். முழு அழுத்தத்தில் உதவி 176-லிருந்து 222 ஆகும், உண்மைதான். ஆனால் அது தேவைப்படாத இடம். போர் காலியாக இருக்கும்போது கடலின் எதிர்ப்பும் 38.5-லிருந்து 48.6 ஆகிவிடும். திறக்கும்போது பிஸ்டன் வெல்ல வேண்டிய விசையும் கூடும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கேட்டின் மறுபக்கம் அதே விட்டத்தில் ஒரு சமன் ஸ்டெம். கடலழுத்தத்தின் விளைவு நீங்கும், கூடவே கிணற்று அழுத்தத்தின் உதவியும் போய்விடும். கேட் இழுப்பு முழுவதையும் ஸ்பிரிங்கே தாங்க வேண்டும் என்பதால் ஸ்பிரிங் மிகப் பெரிதாகும். இந்த அளவு வால்வுக்கு அது ஒத்துவராது.

இரண்டு, மூடும் பக்கத்துக்கும் ஹைட்ராலிக் உதவி. பிஸ்டனின் மறுபக்க வளையப் பரப்பு சுமார் 17,550 சதுர மி.மீ. வெறும் 5 மெகாபாஸ்கல் கொடுத்தாலே 88 கிலோநியூட்டன். நான் இதையே எடுப்பேன். ஆனால் சில விஷயங்களை விட்டுவிடக் கூடாது. ஸ்பிரிங் அறை கடலோடு சமன்செய்யப்பட்ட அறை, அதன் உறையும் காம்பன்சேட்டரும் (கடலழுத்தத்தோடு சமன்செய்யும் உறுப்பு) 3,000 பிஎஸ்ஐ-க்கு வடிவமைத்தவை அல்ல. உதவி அறையைத் தனியாகப் பிரியுங்கள். ஃபெயில்-சேஃப் (ஹைட்ராலிக் போனாலும் தானே மூடுவது) என்ற பெயரில் ஹைட்ராலிக் இல்லாமல் வெறும் ஸ்பிரிங்கால் எதுவரை முடியும் என்பதையும் விவரக்குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள். 1,500 மீட்டரில் காலியான போரில் குறைந்தது மூடவாவது வேண்டும். அதற்கே ஸ்பிரிங்கின் மூடிய நிலை விசை 38.5 + 5 + 10-ஐத் தாண்ட வேண்டும், அதனால் 65-க்குக் கீழே போகாதீர்கள். அந்த நிலையில் பின்னல் ஒயரை வெட்டுவது ஹைட்ராலிக் உதவியோடு மட்டும் என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

அடுத்தது ஸ்டெம்-கேட் இணைப்பு. மூடும்போது ஸ்டெம் கேட்டை இழுக்கிறது, தள்ளவில்லை. டீ-ஸ்லாட்டின் (ஸ்டெம் கேட்டில் மாட்டும் T வடிவப் பள்ளம்) கழுத்தும் கேட்டின் காதுகளும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். தவறுதலாக உதவி அறையில் முழு 20.7 மெகாபாஸ்கல் வந்தால் 363 கிலோநியூட்டன் சேரும். கேட் நடுவில் சிக்கி நிற்கும்போது 176 + 363 + ஸ்பிரிங் என்ற மொத்தமும் அந்தக் கழுத்தில்தான் விழும். அதற்குச் சரிபாருங்கள், அல்லது உதவி வரியில் ரெகுலேட்டர் வையுங்கள்.

பின்னழுத்தத்தை நான் 0.5 என்று நிலையான கணக்கில் வைத்தேன். 158 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 3.2 லிட்டர் திரவம் வெளியேற வேண்டும். அது நீண்ட அம்பிலிக்கல் (மேலிருந்து வரும் குழாய்க் கட்டு) வழியாக மேலே போக வேண்டியிருந்தால் பின்னழுத்தம் பல மடங்காகும், மூடும் வேகமும் விழும். வால்வுக்குப் பக்கத்திலேயே விரைவு வெளியேற்று வால்வு வையுங்கள்.

உலோகவியல்_மேசை

கோட்டிங்கை வெட்டு விளிம்பு வரை கொண்டுபோகாதீர்கள்.

எச்விஓஎஃப் படலம் 0.1 முதல் 0.2 மி.மீ. கனம். அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், விளிம்பில் வரும் வளைவையும் இழுப்பையும் தாங்காது. கூர்மையான மூலையில் அது சில்லு சில்லாகப் பெயரும். பெயர்ந்த சில்லு ஒயர் இழையைவிடக் கடினமானது, அடுத்த நொடியே கேட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே போய் உழும். உங்கள் குறையழுத்தக் கசிவில் இதற்கும் பங்கிருக்கலாம். கீறலை உருப்பெருக்கியில் பாருங்கள்: அகலமாக, அடியில் உலோகப் பூச்சு தெரிந்தால் இழை, மெல்லியதாக, பல கோடுகளாக இருந்தால் கார்பைடு சில்லு.

அடைக்கும் முகத்துக்குப் படலம், வெட்டும் விளிம்புக்கு வேறு பொருள் என்று பிரித்துவிடுங்கள். கேட்டின் கீழ்முகத்தில் வெட்டு வில்லை மட்டும், சுமார் 90 பாகை அளவுக்கு, குடைந்து ஸ்டெல்லைட் 6 (கோபால்ட் கலப்புலோகம்) வெல்டிங் அடுக்கு கொடுத்து, முகத்தோடு சேர்த்து அரைத்து லேப்பிங் (நுண் மெருகு) செய்யலாம். கோட்டிங் அந்த வில்லுக்கு 3 மி.மீ. முன்னாலேயே நின்றுவிட வேண்டும், அதன் முடிவும் சரிவாக மெலிந்து முடிய வேண்டும். துளையின் மற்ற விளிம்புகளில் கோட்டிங்குக்கு முன்பே 0.3 மி.மீ. ஆரம் கொடுங்கள். வெட்டு வில்லில் அந்த ஆரம் கூடாது, கூர்மை வேண்டும். வரைபடத்தில் ‘எல்லா விளிம்புகளையும் மழுக்கவும்’ என்ற பொதுக் குறிப்பு இருந்தால் பட்டறையில் வெட்டு விளிம்பையும் சேர்த்து மழுக்கிவிடுவார்கள். அந்த வில்லுக்குத் தனிக் குறிப்பு எழுதுங்கள்.

கடினம் பற்றி ஒரு விளக்கம். 1,650 மெகாபாஸ்கல் ஒயரின் கடினம் ராக்வெல் சி-யில் 48 அளவில் இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள கிணற்றுக்கு ஐஎஸ்ஓ 15156 இன்கோனெல் 718-ஐ 40-க்கு மேல் விடாது. ஸ்டெல்லைட்டும் ஏறக்குறைய அந்த எல்லையில்தான். விளிம்பு ஒயரைவிட மென்மை. ஆனாலும் வெட்டும், விளிம்புக்குப் பின்னால் கேட்டின் முழு உலோகமும் தாங்குவதால். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சிறு பள்ளம் விழும், ஒயர் எப்போதும் நடுவுக்கே வருவதால் பள்ளங்களும் ஒரே இடத்தில் சேரும். எனவே ‘எத்தனை வெட்டு வரை’ என்ற எண்ணைச் சோதனையால் நிறுவி விவரக்குறிப்பில் போட வேண்டும். அதைத் தவிர்க்க டி2 போன்ற டூல் ஸ்டீல் துண்டு பதிக்கும் யோசனை வரும். அமிலக் கிணற்றில் அது விரிசல் விட்டு உடையும். செய்ய வேண்டாம்.

எம்பி35என் போன்ற கலப்புலோக ஒயர்கள் வெட்டும்போதே இறுகும் தன்மை உடையவை. கார்பன் ஸ்டீல் ஒயரில் மட்டும் சோதித்துவிட்டு அவற்றுக்கும் சான்று கொடுக்கக் கூடாது.

சோதனைக்கூடம்

சோதனை வரிசையைப் பற்றி. ஏபிஐ 6ஏ தரநிலையின் பிஆர்2 செயல்திறன் சோதனையில் வரும் 200 சுற்றுகள் (அறை வெப்பத்தில் 160, உச்சத்தில் 20, தாழ்வில் 20) முடிந்த வால்விலேயே வெட்டுச் சோதனையைச் செய்யுங்கள். புது வால்வில் வெட்டிக் காட்டுவது அருள் சொன்ன 0.08-ஐ மட்டும் நிரூபிக்கும்.

நான்கு சேர்க்கை வேண்டும்: ஒயர் தொய்வாகவும் இழுவிசையோடும், போரில் பூஜ்யமும் முழு அழுத்தமும். தொய்வு + பூஜ்யம் பெரும்பாலும் கடினமானது. இது போதாதென்று, மேலே எங்கோ அறுந்த ஒயர் சுருண்டு வால்வுக்குள் குவியும் நிலையும் உண்டு. அதற்காக இரண்டு பின்னல் ஒயர்களைச் சேர்த்து வைத்து ஒருமுறை வெட்டிப் பாருங்கள், விசையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். 1,500 மீட்டருக்கு ஹைபர்பேரிக் (ஆழ்கடல் அழுத்தம் தரும்) அறை கிடைக்காவிட்டால், ஸ்டெம்மின் வெளிமுனையில் சிலிண்டர் வைத்து 38.5 கிலோநியூட்டன் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே வெட்டலாம்.

வெட்டியதும் வால்வைத் திறந்து மூடாமல், அதே நிலையில் முதலில் குறையழுத்தம், பிறகு முழு அழுத்தம். வரிசையை மாற்றினால் முழு அழுத்தம் இழைத் துணுக்குகளை முகத்தில் நசுக்கிக் கசிவை மறைத்துவிடும். உங்கள் கோளாறு வெளியே தெரிந்ததே குறையழுத்தத்தைச் செய்ததால்தான்.

துண்டு விஷயத்தை யாரும் தொடவில்லை. தொய்வான ஒயரில் இரண்டு வெட்டும் விழுந்தால், கேட் கனத்தளவு ஒரு துண்டு துளைக்குள் தங்கி கேவிட்டிக்குப் போகும். அங்கே விழுந்து கிடந்தால் அடுத்த முறை திறக்கும்போது கேட்டின் அடிமுனையில் மாட்டி முழுத் திறப்பைத் தடுக்கும். சீட்டிலிருந்து இருபுறமும் நீளும் வழிகாட்டித் தகடுகள் கொடுத்து, மூடிய நிலையிலும் கேட் துளையின் இரு வாயையும் மறைத்து வையுங்கள். துண்டு துளைக்குள்ளேயே இருந்து, திறக்கும்போது போருக்கு வந்து கிணற்றுக்குள் விழும். தகட்டுக்கும் கேட்டுக்கும் உள்ள இடைவெளி 0.5 மி.மீ.க்குள் இருக்கட்டும், உதிரி இழைகளும் நுழையாது. சோதனைக்குப் பிறகு துண்டையும் இழைகளையும் எடுத்து, வெட்டும் முன் இருந்த ஒயரின் எடையோடு ஒப்பிடுங்கள். எடை குறைந்தால் மிச்சம் வால்வுக்குள் இருக்கிறது. பானட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.